ஒன்பது குடமும் வங்காளி சார்ஜனும்

எனக்கு எழுத வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது. கிள்ளானில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். நான்காம் வகுப்புக்குப் போகிற நேரத்தில் தம்பி பிறந்துவிட்டான், அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதோடு என் படிப்பு முடிந்தது. அதனால் ஒற்றெல்லாம் தப்பாக இருக்கும். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. நேற்று மூக்குக்கண்ணாடியை அரிசி வாளிக்குள் வைத்துவிட்டு மத்தியானம் வரை வீடெல்லாம் தேடினேன். பழைய கதைகள் மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கின்றன. அதிலும் எது முன்னே, எது பின்னே என்று குழப்பம்தான். வாசகசாலைப் பெண்கள், "பேரு ஊரு எதுவும் போட வேணாம் ஆன்டி, சும்மா எழுதிக் குடுங்க லா" என்று சொன்னதால் துணிந்தேன். பேர் போடச் சொல்லியிருந்தால் பேனாவையே தொட்டிருக்க மாட்டேன்.

போன வாரம் டிவியில் ஏதோ ஊர்வலம் காட்டினார்கள். ஒரு கூட்டத்துக்குப் போலீஸ் வழிவிட்டு நின்றது. இன்னொரு கூட்டத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சியது. எங்கள் வீட்டில் எல்லாரும் "என்ன அநியாயம்" என்று கத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் கேட்டுப் போனவர்களுக்கு அந்தக் காலத்தில் இப்படிக் கொடுத்திருந்தால் நாங்கள் குடம் பிடித்து நிரப்பிக்கொண்டு வந்திருப்போமே என்று நினைத்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் கல்யாணமாகி பிரிக்ஃபீல்ட்ஸ் லயத்துக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. ரப்பர் விலை விழுந்து, கப்பல் கப்பலாக ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிய காலம் போய், கொஞ்சம் மூச்சு வந்திருந்த நேரம். என் வீட்டுக்காரர் தண்டவாளம் போடுகிற கூட்டத்தில் வேலை செய்தார். லயத்தில் வரிசையாக இருபது வீடு இருக்கும். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு பீலி. இப்போது குழாய் என்கிறார்கள், நாங்கள் பீலி என்போம். 

போலீசுக்கு அப்போது மாத்தா என்று பேர். எங்கள் வட்டாரத்தில் நாலைந்து மலாய்க்கார மாத்தாக்களும், அவர்களுக்கு மேலே ஒரு வங்காளி சார்ஜனும் இருந்தார்கள். சீக்கியரை எல்லாம் நாங்கள் வங்காளி என்றுதான் சொல்வோம். வங்காளத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பிற்பாடு என் மகன் படித்துவிட்டு வந்து சொன்னான். எங்கள் சார்ஜன் ஆறடிக்கு மேலே இருப்பார். நேரில் எல்லாரும் அவரை "பாய்" என்று கூப்பிடுவார்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு மாடு வைத்திருந்தார். விடியற்காலை சைக்கிளில் வந்து லயத்துக்குப் பால் ஊற்றுவார். பத்து மணிக்கு மேல் தொப்பைக்குக் கீழே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தடி எடுப்பார். அதனால் லயத்தில் எல்லாரையும் அவருக்குத் தெரியும். தெரியும் என்பதற்காக அடிக்காமல் விடமாட்டார்.

அந்த வருஷம் பலபேர் பலவற்றைக் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். முதலில் சீனத் தச்சர்கள் வந்தார்கள். சிவப்புத் துணியில் பெரிய எழுத்து எழுதி மூங்கிலில் கட்டிக்கொண்டு, காலில் மரக்கட்டைச் செருப்போடு டக்கு டக்கென்று நடந்து வந்தார்கள். நானும் என் மாமியாரும் கோப்பிக்கடை அஞ்சடி நடைபாதையில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அவர்களிடம் என்ன வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை. விசில் ஊதின சத்தம் கேட்டது, அடுத்த நிமிஷம் தடி சுழன்றது. அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள், கட்டைச் செருப்பெல்லாம் தெருவில் கிடந்தது. மாத்தாக்கள் அதைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு போய், "செருப்புக்குச் சொந்தக்காரர்கள் ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். வாங்கப் போனால் உள்ளே பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒருவரும் போகவில்லை. கடைசியில் மாத்தாக்களே அதைப் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்கள். ரொம்ப நாள் வரைக்கும் ஸ்டேஷன் பக்கம் போனால் டக்கு டக்கு என்று சத்தம் கேட்கும்.

அதற்குப் பிறகு கிராணிமார் வந்தார்கள். ஆபீசில் எழுதுகிறவர்களைக் கிராணி என்போம், அதில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று மனு கொடுக்க வந்தார்கள். கோட்டு, கழுத்தில் டை, கையில் குடை. இவர்களும் தெருவில்தான் நின்றார்கள், இவர்களும் கூட்டம்தான். ஆனால் சார்ஜன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். ஆபீசுக்குள்ளேயிருந்து ஒரு பெஞ்சு வந்தது. அதில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து மனுவை இன்னொரு தரம் வாசித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாத்தாவை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, கொஞ்சம் அங்கால தள்ளி நில்லும். உம்மட நிழல் என்ர பேப்பரில விழுகுது" என்றார். அந்த மாத்தாவும் நகர்ந்து நின்றான். என் மாமியார் வாயைப் பிளந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "நிழலு விழுதாமே, நிழலு!" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் பீலியைப் பூட்டினார்கள். யாரோ ராத்திரி திறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், தண்ணீர் வழிந்து சாக்கடை வரைக்கும் போயிருந்தது. யார் என்று கேட்டார்கள். இருபது வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. லயத்தைப் பார்த்துக்கொண்ட துரைக்குக் கோபம் வந்து, பீலியின் தலையில் இரும்புச் சங்கிலி போட்டு, பூட்டி, சாவியை ஆபீசுக்கு எடுத்துப் போய்விட்டார். "பேர் சொன்னால் திறப்பேன்" என்றாராம். 

தண்ணீர் வேண்டுமென்றால் மாட்டுவண்டிக் கொட்டகைக் கிணற்றுக்குத்தான் போகவேண்டும். அந்தக் கிணற்றோரம்தான் வண்டிக்காரர்கள் மாடு கழுவுவார்கள். கழுவின தண்ணீர் திரும்ப அதே கிணற்றுக்குள் போகும். பால் ஊற்றின கோப்பி நிறத்தில் இருக்கும் அந்தத் தண்ணீர். வாசத்தை நான் எழுதவில்லை, சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள்.

மற்றவர்களாவது எப்படியோ சமாளித்தார்கள். எங்கள் வீட்டில் நாத்தனார் நிறைமாதமாக இருந்தாள். பங்சார் அப்போது ரப்பர் தோட்டம், அங்கேதான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. தலைச்சன் பிரசவம் என்று தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நாளு தாண்டாது" என்றார். கை கழுவ நான் சொம்பில் தண்ணீர் நீட்டினேன். அவர் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்னாடி, ரசமா?"

"கிணத்துத் தண்ணிக்கா" என்றேன்.

"இந்தத் தண்ணியில நான் புள்ளையக் கழுவ மாட்டேன். தாய்க்கும் ஆகாது, புள்ளைக்கும் ஆகாது. போன மாசம் அந்தக் கோடி லயத்துல ரெண்டும் போச்சு, தெரியுமில்ல? நல்ல தண்ணி வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிடுங்க. இல்லேன்னா கூப்பிடாதீங்க."

நாத்தனார் அன்றைக்கு முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்கு ஒரு வயதுதான் மூத்தவள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக் கதை பேசுகிறவர்கள்.

திங்கட்கிழமை வேலை விட்டதும் லயத்து ஆண்கள் முப்பது பேர் ஆபீசுக்குப் போனார்கள். தலைவன் யார் என்று கேட்டால் அவனைத்தானே முதலில் அடிப்பார்கள் என்று, தலைவனே இல்லாமல் போவதாகப் பேசி முடித்திருந்தார்கள். வாசலிலேயே சார்ஜன் நிறுத்திவிட்டார். "குந்து! குந்து!" என்றார். முப்பது பேரும் குந்தினார்கள். "யார் தலைவன்?" என்று கேட்டார். முதல் ஆள் பக்கத்து ஆளைக் காட்டினான். அவன் அடுத்த ஆளைக் காட்டினான். இப்படியே முப்பது பேரும் காட்டி, கடைசியில் இருந்த எங்கள் லயத்து மோளக்காரர் முதல் ஆளையே திரும்பக் காட்டினார். சார்ஜன் யோசித்துப் பார்த்தார். எல்லாரும் தலைவன்தான் என்று முடிவு செய்து, ஆளுக்கு இரண்டு போட்டு அனுப்பினார்.

என் வீட்டுக்காரர் முதுகில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு இருந்தது. எண்ணெய் தடவப் போனேன். 

"வலிக்குதா?" என்றேன்.

"வலி கெடக்குது. காலையில எனக்குப் பால் ஊத்தின கை அது. அதான் தாங்கல" என்றார்.

என் மாமியார் அடுப்பங்கரையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்கும், அன்றைக்கு மட்டும் மெதுவாகப் பேசினார். "வாயால சொன்னதுக்கு முதுகு வீங்கிப்போச்சு. நாம வாயே தொறக்க வேணாம். இந்தத் தண்ணிய அப்படியே கொண்டுபோய் அந்தத் துரை மூக்குக்கு நேரா வப்போம்." 

"யாரு வப்பா அத்தை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

துரை வெள்ளிக்கிழமை காலைதான் அந்த ஆபீசுக்கு வருவார். வெள்ளிக்கிழமையே போவதென்று ஒன்பது பெண்கள் சேர்ந்தோம். ஆளுக்கொரு குடம். குடத்தில் கிணற்றுத் தண்ணீர். வழியில் தளும்பாமல் இருக்க, குடத்து வாயில் ஒரு கொத்து இலை போடுவது வழக்கம், தண்ணீர் எடுத்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தது வேப்பமரம். வாசத்துக்கும் நல்லது என்று அதையே ஒடித்துப் போட்டோம். உடுத்துவதற்குத்தான் வழியில்லை. பதினோரு நாளாகத் துவைக்கவில்லை. துரையைப் பார்க்க அழுக்குச் சேலையோடு போனால் வாசலிலேயே விரட்டுவார்கள் என்று மாமியார் சொன்னார். யோசித்துப் பார்த்ததில், தீமிதிக்கு என்று டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்த மஞ்சள் சேலை எல்லார் வீட்டிலும் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டோம். 

மஞ்சள் சேலை, தலையில் குடம், குடத்தில் வேப்பிலை, வெறுங்கால், ஆடி மாதம், அதுவும் வெள்ளிக்கிழமை. இப்போது எழுதும்போது எனக்கே தெரிகிறது. அன்றைக்கு எங்கள் ஒன்பது பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, சத்தியமாக. தண்ணீர் இல்லாத வீட்டில் ஆடி ஏது, வெள்ளி ஏது?

என்னை முன்னால் நிறுத்தினார்கள். "நான் கடைசியில வரேன் அத்தை" என்று கெஞ்சினேன். 

"நீ கடைசியில வந்தா பாதி வழியில ஓடிருவே. கடைசியில நான் வரேன். எவ திரும்பினாலும் என்னைத் தாண்டித்தான் போவணும்" என்றார் மாமியார். "புதுப்பொண்ணு முன்னாடி போனா சகுனமும் நல்லது. நடடி."

எனக்கு வெட்கம் ஜாஸ்தி. தெருவில் ஆண்பிள்ளை எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன், அவர் போன பிறகுதான் நிமிருவேன். தலையில் குடம் இருந்தால் குனிய முடியாது. நேராகப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. எல்லார் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. 

லயத்தை விட்டுத் தெருவில் ஏறினதும் பின்னால் டண்டணக்கு என்று சத்தம். மோளக்காரர்! அவர் பெண்டாட்டி எங்களில் நாலாவது ஆள். அவள் சமைக்காமல் வந்துவிட்டதால் பசியோடு பின்னாலேயே வந்திருக்கிறார். வரிசையாகப் பெண்கள் குடம் எடுத்துப் போவதைப் பார்த்ததும் அவர் கை சும்மா இருக்கவில்லை.

"நிறுத்துய்யா! நாம என்னா கல்யாணத்துக்கா போறோம்?" என்று அவள் திட்டினாள்.

"நீ பாட்டுக்கு நட. எனக்கு அடிச்சாத்தான் காலு நடக்கும்" என்றார்.

பெரிய தெருவுக்கு வந்தோம். அங்கே சார்ஜன் நின்றுகொண்டிருந்தார், கூட நாலு மாத்தா. அவர் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர் பார்த்தன, என்னால்தான் குனிய முடியாதே. விசில் ஊதினார். முடிந்தது, பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். 

ஆனால் விசில் எங்களுக்கு இல்லை. எதிரே வந்த மாட்டுவண்டியை நிறுத்தினார். ரிக்‌ஷாக்களை ஓரம் போகச் சொன்னார். ஒரு சீனத் தவுக்கேயின் மோட்டார் வந்தது, அதையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அந்த முதலாளி உள்ளேயிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு சார்ஜன் எனக்கு நாலடி முன்னால் போய், "ஜாலான்! ஜாலான்!" என்று நடக்கச் சொல்லிக்கொண்டே தானும் நடந்தார். மாத்தாக்கள் இரண்டு பக்கமும் வந்தார்கள். 

எங்களை லாக்கப்புக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நான் அழ ஆரம்பித்துவிட்டேன். கண்ணைத் துடைக்கவும் முடியாது, இரண்டு கையும் குடத்தில். தெருவில் நின்றவர்கள், "பாவம், சின்னப் பொண்ணு, எவ்வளவு பக்தி பாரு" என்றார்கள். பக்தி எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு வளைவில் நம் ஆட்களின் வீடுகள் இருந்தன. அங்கேயிருந்து ஓர் அம்மாள் மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தவலையில் கொண்டுவந்து என் காலில் ஊற்றிக் கும்பிட்டார். அடுத்தடுத்து எல்லார் காலிலும் ஊற்றினார். பால்குடம் எடுக்கிறவர்களுக்கு அப்படித்தானே செய்வார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலில் விழுந்த தண்ணீர் ஜில்லென்று இருந்தது. சுத்தமான பீலித் தண்ணீர்! தலையில் இருக்கிற தண்ணீரைவிடக் காலில் ஓடுகிற தண்ணீர் நன்றாக இருந்தது. 

மோளக்காரர் பெண்டாட்டிக்குத் தாங்கவில்லை. "அக்கா, அக்கா! அதைக் காலுல ஊத்தி வீணாக்காதீங்க. ஒரு சொம்பு கையில குடுங்க, குடிச்சுக்கிறேன்" என்றாள்.

அந்த அம்மாள் பதறிப்போனார். "ஐயையோ, விரதம் முறிஞ்சிருமேடி!"

"விரதமா? காலையில பழையது தின்னுட்டுத்தான்..." என்று அவள் ஆரம்பித்தாள். பின்னாலிருந்து மாமியார் போட்ட அதட்டலில் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

மாமியாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. வரிசை வழியாகச் சேதி முன்னால் வந்தது, ஒருத்தி காதிலிருந்து இன்னொருத்தி காதுக்கு. எனக்குப் பின்னால் இருந்தவள் சொன்னாள்: "எல்லாரும் வாயை மூடிக்கிட்டு நடக்கணுமாம். பால்குடம்னு நெனச்சுக்கிட்டானாம். நெனச்சுக்கட்டுமாம்."

"ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?" என்று கேட்டேன். 

கேள்வி பின்னால் போய்ப் பதில் முன்னால் வந்தது. "அவ புள்ளை பெத்தவளுக்கெல்லாம் தாயிதானேன்னு சொல்லச் சொன்னாங்க."

இதற்குள் முச்சந்தி வந்துவிட்டது. இடது பக்கம் மாரியம்மன் கோயில். வலது பக்கம் ஆபீஸ். சார்ஜன் கம்பீரமாக இடது பக்கம் திரும்பினார். பின்னாலிருந்து, "சோத்தாங்கைப் பக்கம் திரும்புடி!" என்று மாமியார் குரல். முன்னே சார்ஜன், பின்னே மாமியார். யாருக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று எந்த மருமகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நான் வலது பக்கம் திரும்பினேன். எட்டுக் குடமும் என் பின்னால் திரும்பிற்று. 

சார்ஜன் தனியாகப் பத்தடி கோயில் பக்கம் போய்விட்டு, திரும்பிப் பார்த்து ஓடிவந்தார். "என்ன இது? கோயில் அங்கே!"

மோளக்காரர் அடிப்பதை நிறுத்தாமலே, "சாமி அங்கதான் போவணும்ங்குது, பாய்!" என்றார். 

சார்ஜன் என் முகத்தைப் பார்த்தார். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, உடம்பு பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. சாமி வந்த மாதிரியேதான் இருந்திருக்கும். முன்னே எங்கோ கோயில் ஊர்வலத்தை மறித்துப் பெரிய தகராறாகி, இனிமேல் சாமி ஊர்வலத்தில் கை வைக்காதே என்று மேலிடத்தில் சொல்லி வைத்திருந்தார்களாம். "சரி, சாமி சொன்னா நாம என்ன சொல்றது" என்று அவர் மறுபடியும் முன்னால் போய் நடந்தார்.

ஆபீஸ் கேட்டில், ஆண்கள் திரும்பி வருவார்கள் என்று இரண்டு மாத்தா தடியோடு காவல் இருந்தார்கள். முன்னால் சார்ஜனே வருவதைப் பார்த்ததும் சல்யூட் அடித்துக் கேட்டை அகலத் திறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை முப்பது ஆண்களைக் குந்தவைத்த அதே இடத்தைத் தாண்டி நாங்கள் மோளச் சத்தத்தோடு உள்ளே போனோம். 

துரை வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, காலில் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து. கூடவே ஒரு கிராணி. பார்த்தால், அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து நிழல் விழுகிறது என்றாரே, அந்தப் பெரியவர்தான். துரைக்குச் சந்தோஷம். ஆபீசுக்குச் சாமி ஆசீர்வாதம் கொண்டுவந்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. படியில் இறங்கி எனக்கு நேரே வந்து, கொஞ்சம் குனிந்து, சிரித்துக்கொண்டே மலாயில் என் பேர் என்ன என்று கேட்டார்.

அன்னிய ஆண்பிள்ளை, அதுவும் வெள்ளைக்காரர், என் பேரைக் கேட்கிறார். எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. பழக்க தோஷம், சட்டென்று தலையைக் குனிந்துவிட்டேன். 

குடம் முழுவதும் துரையின் சப்பாத்தில். வேப்பிலை அவர் முழங்காலில் ஒட்டிக்கொண்டது.

நான் குடத்தைப் பிடிக்கக் குனிந்தேன். எனக்குப் பின்னால் இருந்தவள் இதுதான் ஏற்பாடு போலிருக்கிறது, நமக்குச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒரு எட்டு முன்னால் வந்து தன் குடத்தையும் அதே இடத்தில் ஊற்றினாள். அடுத்தவளும் ஊற்றினாள். வரிசை தப்பாமல், ஒருத்தி நகர, ஒருத்தி வர, என்னுடையதோடு எட்டுக் குடமும் ஊற்றியாகிவிட்டது. ஒவ்வொரு குடத்துக்கும் மோளக்காரர் ஒரு முத்தாய்ப்பு வைத்தார். மாத்தாக்கள் விறைப்பாக நின்றார்கள். சார்ஜன் நெஞ்சை நிமிர்த்தி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாடு வைத்திருக்கிறவர். முதல் குடத்திலேயே அது பால் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மூக்கு மட்டும் லேசாக அசைந்தது. துரையும் சடங்கை நடுவில் நிறுத்தக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, நகராமல் நின்றார். 

கடைசியில் மாமியார் வந்தார். அவர் ஊற்றவில்லை. குடத்தை இறக்கிப் படியில் வைத்தார். இலையை எடுத்துப் போட்டார். ஒரு கை தண்ணீர் அள்ளித் துரைக்கு நீட்டினார். 

துரை கிராணியைப் பார்த்தார். கிராணி மாமியாரைப் பார்த்து, மெதுவாக, "இதை நான் துரைக்கு எப்பிடியம்மா சொல்லுறது?" என்றார்.

"உள்ளதைச் சொல்லுங்கய்யா. இதைத்தான் பதினோரு நாளா குடிக்கிறோம். என் மக நெறமாசமா இருக்கா. அவ புள்ளையை இதுலதான் கழுவணுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு தரம் கனைத்துவிட்டு, இங்கிலீசில் ரொம்ப நேரம் பேசினார். அவ்வளவு நீளமாக நாங்கள் சொல்லவில்லை. நல்ல மனிதர், தன் பங்குக்கும் ஏதோ சேர்த்திருக்கிறார். துரை தன் சப்பாத்தைப் பார்த்தார். மாமியார் கையைப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே போனது. சார்ஜன் பக்கம் திரும்பி, "இவர்களை இங்கே கூட்டி வந்தது யார்?" என்று மலாயில் கத்தினார்.

இப்போது சார்ஜன் மாட்டிக்கொண்டார். ஏமாந்துவிட்டேன் என்று சொன்னால் அவர் கதி என்ன? காலை இழுத்துத் தட்டிச் சல்யூட் அடித்தார். "கோயில் ஊர்வலம், துவான்!" 

"கோயில் ஊர்வலமா? இதுவா?" 

"கோயில் ஊர்வலம், துவான்!" இரண்டாம் தரம் இன்னும் சத்தமாகச் சொன்னார். நாலு மாத்தாவும் தலையை ஆட்டினார்கள். 

கோயில் ஊர்வலத்தை அடிக்க முடியாது, பிடிக்கவும் முடியாது. துரை நனைந்த சப்பாத்தோடு சளக் சளக்கென்று உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கிராணி சாவியோடு வந்தார். மாமியார் கையை நீட்டினார், ஆனால் சாவியைச் சார்ஜன் கையில்தான் கொடுத்தார்கள். பூட்டைப் போலீஸ்தான் திறக்க வேண்டுமாம், அது சட்டமாம்.

திரும்பும்போது மோளம் இல்லை. சார்ஜன் எங்களோடு நடந்து வந்தார். பாதி வழியில் மாமியார் பக்கம் வந்து, "அம்மா, உண்மை சொல்லு. அது என்ன பால்?" என்று கேட்டார்.

"உங்க மாட்டுப் பால்தான் பாய். நீங்க கலக்குற தண்ணிதான் இன்னைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் மாமியார்.

சார்ஜன் தாடிக்குள் என்னமோ முணுமுணுத்தார். சிரித்தாரா திட்டினாரா என்று எனக்குத் தெரியாது, அதற்குள் நான் தலையைக் குனிந்துவிட்டேன். 

பூட்டைத் திறந்து சங்கிலியை எடுத்தார்கள். பீலி முதலில் புஸ்ஸென்று காற்று விட்டது. பிறகு துருத் தண்ணீர். பிறகு நல்ல தண்ணீர் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கையை நீட்டி அதில் நனைத்துப் பார்த்தாள். 

எங்கள் ஆண்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. "நாங்க போனா குந்து, நீங்க போனா சல்யூட்டா?" என்று என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கொஞ்ச காலம் கழித்து வேறு ஏதோ ஒழுகுகிற கூரைக்காக அவர்களும் மஞ்சள் வேட்டி கட்டி, வேப்பிலையைக் கையில் பிடித்து, மோளத்தோடு போனார்கள். அதே சார்ஜன்தான் நின்றாராம். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேப்பிலையைக் கீழே வை. குந்து" என்றாராம். 

நாத்தனாருக்கு ஞாயிற்றுக்கிழமை வலி எடுத்தது. மருத்துவச்சி வந்ததும் முதலில் அண்டாவுக்குள்தான் எட்டிப் பார்த்தார். பிறகுதான் உள்ளே போனார். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். அந்தக் குழந்தையை முதலில் குளிப்பாட்டின தண்ணீரை நான்தான் பீலியிலிருந்து பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அந்தக் குழந்தைக்கே இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், செராஸ் பக்கம் இருக்கிறாள். இந்தக் கதையைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

அதனால் யாராவது ஒரு தரம் சரிபார்த்தால் நல்லது. ஒன்பது குடம்தானா, பத்தா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எங்களோடு வந்தவர்களில் ஒருவர் கிள்ளானில் இன்னும் இருக்கிறார், அவர் மாவிலை என்கிறார், நான் வேப்பிலை என்கிறேன். கிராணிமார் சீனத் தச்சர்களுக்கு முன்னால் வந்தார்களா பின்னால் வந்தார்களா என்றும் நிச்சயமில்லை. எல்லாவற்றையும்விட ஒன்று தெரிந்துகொள்ள ஆசை. அந்தக் காலத்துப் போலீஸ் புத்தகங்கள் எங்காவது பத்திரமாக இருக்கும் என்கிறார்கள். படித்தவர்கள் யாராவது போய்ப் பார்த்து, அந்த ஆடி வெள்ளிக்கிழமையில் எங்களை என்னவென்று எழுதி வைத்திருக்கிறார்கள், கோயில் ஊர்வலம் என்றா, கலகம் என்றா என்று எனக்குச் சொல்லவேண்டும். கடிதம் போட்டால் போதும். நேரில் வந்தால் நான் பேசமாட்டேன்.